வெளிப்பெட்டிக்கு ஒரு மேடை

ரத்தினம்மாள் ஆசைப்பட்டு அடைந்த பொருள் வாழ்க்கையில் ஒன்றே ஒன்றுதான். கொல்லையில் தகரக் கொட்டகைக்குள் ஆள் நீளத்துக்கு ஒரு சிமெண்டு மேடை. புருஷன் பாவாடைக்குச் சமாதி கட்டி மிச்சமான கலவையில் அவளே பூசிக்கொண்டது. பாவாடை குடித்தாலும் அடிப்பான், குடிக்காவிட்டாலும் அடிப்பான். கல்யாணத்துக்குப் பிறகு அவள் பயமில்லாமல் தூங்கியது அந்த மேடைக்கு வந்தபிறகுதான்.

செஞ்சி வெயிலுக்குப் பகலும் ராத்திரியும் ஒன்றுதான். பகலெல்லாம் மலைப்பாறை குடித்ததை இருட்டியதும் கக்கும். மகன் இளவரசன் ஏசி வாங்கினான். மறுநாள் அவன் மாமியார் வீட்டு ஜனம் வருகிறது, அதற்குள் ஓடியாக வேண்டும்.

மாட்ட வந்த குரு சுவரைத் தட்டிப் பார்த்தான்.

"மண்ணு வெச்சிக் கட்டின செவுருண்ணா. ஏசியோட வெளிப்பெட்டி கனம் தாங்காது."

மாடியில் வைத்தால் கோட்டைக் குரங்குகள் குழாயைப் பிய்த்துவிடும். தரையில் வைத்தால் மழைத்தண்ணீர் நிற்கும்.

"ஆடாம, மட்டமா ஒரு மேடை வேணும். புதுசா போட்டா காய ஒரு வாரம் ஆவும்."

இளவரசனின் பார்வை கொட்டகைப் பக்கம் போனது. ரத்தினம்மாள் முந்திக்கொண்டு வேப்பமரத்தடிச் சமாதியைக் காட்டினாள்.

"அது மேல வெச்சுடுடா. நல்லா மட்டமாத்தான் இருக்குது."

"நைனா மேலயா?" இளவரசனுக்கு முகம் கறுத்தது. "அடிச்சாருதான், நான் இல்லேன்னு சொல்லல. அதுக்குன்னு தெய்வமாப் போனவரு நெஞ்சு மேல மிஷினு வெப்பியா? நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

"ஒரு வாரம் பொறுத்துக்கடா. புது மேடை காய்ஞ்சிடும்."

"நாளைக்கு வர்றவங்கள வேவ சொல்றியா?"

குரு அவள் முகத்தைப் பார்க்காமல் அவள் மேடையில் துளை போட்டான். பெட்டி உட்கார்ந்தது. உறுமிக்கொண்டு கொட்டகை முழுக்க அனலை ஊதியது.

"நான் உள்ள வந்து படுத்துக்கவாடா?" என்று கேட்டாள்.

"கூடத்துல அவங்க படுப்பாங்க. நீ நைனாவாண்ட படுத்துக்க. மரத்துக் காத்து வரும். அவருக்கும் துணையா இருக்கும்."

அப்பன்மேல் அவனுக்குப் பாசம் இருந்தது, இல்லையென்று சொன்னால் பாவம். சமாதியை ஒட்டி இடத்தைப் பெருக்கி, அவள் பாயைக் கொண்டுவந்து அவனே விரித்துக் கொடுத்தான். ரத்தினம்மாள் படுத்தாள். பாவாடை உயிரோடு இருந்த காலத்தில் படுத்தது போலவே, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.