மூன்று சமபங்குகள்

என்டர் பொத்தானை மட்டும் வேறு யாரும் தொடக் கூடாது. வலது கையை உயர்த்துவார், ஒரு கணம் யோசிப்பார், பிறகு ஆள்காட்டி விரலால் ஓங்கி ஒரு தட்டு. பாவம், அந்தப் பொத்தான் தேய்ந்து வழுக்கையாகிவிட்டது. கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் இந்த மனிதர் எந்நேரமும் கறுப்புத் திரையில் எழுத்தெழுத்தாகக் கட்டளை அடிப்பதால், தெருவில் அவருக்குக் 'கறுப்புத்திரை' என்று பெயர். மௌஸைக் கண்டாலே ஆகாது. "அது சோம்பேறிங்களுக்கு. கமாண்ட் அடிச்சாத்தான் மெஷின் மரியாதை குடுக்கும்" என்பார்.

அந்த மரியாதை, அவருடைய அக்காவின் தையல்கடையில் சந்தி சிரித்தது. அக்காவின் எம்பிராய்டரி மெஷின் பழைய சிஸ்டத்தோடுதான் பேசும். பதினோரு வருட டிசைன்களும் அதில்தான். பழைய டிஸ்க் படுத்துவிடுவதற்கு முன்பே, புது டிஸ்க்கை மூன்று பாகமாக வெட்டி எல்லாவற்றையும் அதில் ஒன்றுக்கு மாற்றியிருந்தார் கறுப்புத்திரை. இனி பழைய சிஸ்டமும் புது சிஸ்டமும் ஒரே டிஸ்க்கிலிருந்து பூட் ஆக வேண்டும், அதாவது கிளம்ப வேண்டும். அதற்குக் காலியான பாகம் ஒன்றைத் துடைக்க வேண்டும்.

எது காலி? திரையில் 1, 2, 3 என்று மூன்று பாகங்கள், பெயரில்லை, மூன்றும் இம்மி பிசகாமல் ஒரே அளவு. சட்டைப்பையில் இருந்த சீட்டில் 'அக்கா - 1' என்று அவர் கையெழுத்து. அப்படியானால் இரண்டைத் துடைக்கலாம். கட்டளையை அடித்தார், கையை உயர்த்தினார். கை அங்கேயே நின்றுவிட்டது. இவர்தான் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிற ஆசாமியாயிற்றே! சீட்டு எழுதிய அன்று எதிலிருந்து எண்ணினார்? பூஜ்யத்திலிருந்து என்றால் அக்காவுடையது இரண்டாவது.

"என்னடா, கையத் தூக்கிட்டே உக்காந்திருக்க?"

"எது உன்னுதுன்னு தெரியலக்கா."

"அய்யய்யோ! மூணையும் ஏன்டா ஒரே அளவா வெட்டின?"

"ஒண்ணுக்கொண்ணு குறை இருக்கக் கூடாதுன்னு..."

"அங்க யாருடா பங்குக்குச் சண்டை போட்டா?" என்றாள் அக்கா. "தொறந்து உள்ள பாக்க முடியாதா?"

முடியும். அது அவருக்குத் தோன்றவே இல்லை. ஒன்றைத் திறந்தார், காலி. இரண்டைத் திறந்ததும் காலர் பூ, பள்ளி முத்திரை, தம்பி சட்டைப்பை என்று அக்கா வைத்த பெயர்கள் மளமளவென்று ஓடின. இதைத்தான் கறுப்புத்திரை துடைக்கப் பார்த்திருந்தார்.

ஒன்றைத் துடைத்து, புதியதை ஏற்றி, இரண்டும் பூட் ஆவதற்கான கட்டளைகளை ஒவ்வோர் எழுத்தாக அடித்தார். மறுபடி கிளம்பிய திரையில், எதைத் திறக்க என்று கேட்டு இரண்டு வரிகள் வந்தன: அக்கா, புதுசு.

வலது கை தானாக உயர்ந்தது. அதைப் பிடித்துத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் கீபோர்டை அக்கா பக்கம் நகர்த்தினார்.