கோதுமைக்கு நிழல் வைத்தேன்

வெள்ளக்கடை பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் நானும் என் பொண்டாட்டியும் வேலை செய்கிறோம். இருப்பது எஸ்டேட் கொடுத்த லைன் வீடு. வேலை போனால் வீடும் போகும். "நம்முளுக்குன்னு ஒரு ஊடு" என்று கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்கிறாள். நானும் அந்த நாளிலிருந்து தலையாட்டுகிறேன்.

போன மழையில் சரிவில் வழுக்கி விழுந்து அவளுக்குக் காலில் மாவுக்கட்டு. சேலத்திலிருந்து பார்க்க வந்த அவள் தங்கச்சி தன் பழைய போனில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். அதில் மாடு சதுரம், மேகம் சதுரம், சூரியனும் சதுரம். மண்ணை வெட்டலாம், கல்லை அடுக்கலாம், எங்கே வேண்டுமானாலும் வீடு கட்டலாம்.

"இதுல எப்படிப் புள்ள ஜெயிக்கறது?" என்று கேட்டேன்.

"ஜெயிக்கறதெல்லாம் இல்லீங்க. கட்டிக்கிட்டே இருக்கறதுதான்."

ஜெயிக்க முடியாததை எதற்கு விளையாட வேண்டும்? எனக்கு அப்போதே குழம்பிவிட்டது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்த ஆள் நான். குழப்பம் எனக்குச் சொந்தக்காரன் மாதிரி, சொல்லாமல் வந்து உட்காரும்.

அவள் கட்டினாள். கல்வீடு, மரக்கதவு, முன்னால் கோதுமை வயல். நான் தராத வீட்டை விரலாலேயே எழுப்பிவிட்டாள்.

கட்டுப் பிரிக்க தங்கச்சியோடு சேலத்துக்குப் போன அன்று போனை என் கையில் கொடுத்தாள்.

"ஏனுங்க, கோதுமைய மட்டும் பார்த்துக்கங்க. வேற எதையும் தொட்ராதீங்க சாமி."

பார்த்தேன். கோதுமை மொட்டை வெயிலில் நின்றது. காப்பிச் செடிக்கு நிழல் பார்த்தே வளர்ந்தவனுக்கு அதைக் காணப் பொறுக்குமா? வயலைச் சுற்றியும், நடுவிலும், வீட்டை ஒட்டியும் மரக்கன்றாக நட்டேன். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் மரமாகிவிட்டன. எஸ்டேட்டில் நிழலுக்கு நட்ட எங்கள் சில்வர் ஓக் மரங்களுக்கு இந்தப் புத்தி கிடையாது. மேலே இலை கூடி, உள்ளே கும்மிருட்டு. எஸ்டேட் துரையே வந்தாலும் கை கொடுப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

நட்ட நடுப்பகலில் அந்த இருட்டுக்குள்ளிருந்து பேய்கள் வந்தன. ஒன்று சுவரோரம் வந்து 'ஸ்ஸ்' என்றது, வெடித்தது. பக்கச் சுவரைக் காணோம். நான் போனைத் தலையணைக்கு அடியில் வைத்து அமுக்கினேன், பேய்க்கு மூச்சு முட்டட்டும் என்று.

அவள் குச்சி ஊன்றி வந்ததும் போனைத்தான் கேட்டாள்.

"ஏனுங்க, இது என்னங்க காடு? எங்கூட்டுச் சொவரு எங்க?"

"நெழலு புள்ள. வெயில்ல வாடுதேன்னு..."

"கோதுமைக்கு எவனாச்சும் நெழலு வெப்பானா?"

"காப்பிக்கு வெப்போமே?"

"இதுல இருட்டுனா பேய் வரும்ங்க! பயிரும் வளராது. நட்டவரே வெட்டுங்க."

போனை வாங்கி, அதில் கோடாரியை எடுத்து மரத்தின் முன் நின்றேன். கை ஓடவில்லை.

"ஏம்புள்ள, ரைட்டருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரைக் கேட்காமல் ஒரு கிளையைக்கூட வெட்டக் கூடாது; அந்தப் பழக்கத்தில் வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. கோபமாக இருந்தவள் குச்சி கீழே விழச் சிரித்தாள். நான் அடிமரத்தை வெட்டினேன். அடி போனது, ஆனால் மரம் விழவில்லை. கீழே ஒன்றுமில்லாமல் அந்தரத்தில் நின்றது. இது எந்த ஊர் நியாயம்?

"நீங்க நட்டதாச்சே, உங்களாட்டவே இருக்குது. காலு தரையில இல்ல" என்று போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

மேலே ஏறி மிச்சத்தை வெட்டினாள். வெளிச்சம் வந்தது. கல்லை அடுக்கிச் சுவரை எழுப்பினாள். பாதியில் நிறுத்தினாள்.

"இங்க ஒரு சன்னல் வெக்கலாம்ங்க. எந்த எடத்துல வெக்கட்டும், சொல்லுங்க."

இதுவரை யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. யாரோ வைத்த சன்னல் வழியாகவே வெளியே பார்த்துப் பழகிவிட்டேன். இடது பக்கம் என்றேன். இல்லை, வலது என்றேன். நடுவிலா? அவள் சன்னல் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.