இந்த மாத்திரை எதற்காக

இந்த ஊர் மருந்துக் கடையில் தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள். ஒருவர் மருந்து வாங்கும்போது அடுத்தவர் அந்தக் கோட்டுக்குப் பின்னால், ஏழெட்டு அடி தள்ளி நிற்க வேண்டும். முன்னால் நிற்பவரின் நோய் பின்னால் நிற்பவரின் காதில் விழக் கூடாதாம். வந்த புதிதில் அது தெரியாமல் ஒரு பெரியவரின் தோளை ஒட்டி நின்றுவிட்டேன். அவர் திரும்பி, "உங்களுக்கு அவசரமா?" என்று கேட்டார். வழிவிடுகிறார் என்று நினைத்து, நன்றி சொல்லிவிட்டு அவருக்கு முன்னால் போய் நின்றேன். கடைப் பெண் கோட்டைக் கைகாட்டிய பிறகுதான் விஷயம் புரிந்தது.

சேலம் சூரமங்கலத்தில் நான் இருபது வருடம் வேலை பார்த்த மெடிக்கல் ஷாப்பில் கோடெல்லாம் கிடையாது. ரயில்வே குடியிருப்புக்காரர்கள் ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் கண்ணாடிப் பெட்டிமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு நிற்பார்கள். கத்தரித்த அட்டையை நீட்டி, "இதே மாதிரி பத்து குடுங்க" என்பார்கள். பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திய எனக்கு, மாத்திரையைப் பார்த்தே நோயைச் சொல்லத் தெரியும் என்பதுதான் ஒரே பெருமை. மற்றபடி நான் வாய் திறந்து பேசுகிற ஆள் இல்லை.

என் மனைவி கலாமணியின் அக்கா பல வருடங்களுக்கு முன் எங்களுக்காகப் போட்ட குடியேற்ற மனுவுக்கு முறை வந்து, நாங்கள் அமெரிக்காவில் இந்த ஒஹாயோ மாநிலத்துக்கு வந்தபோது எனக்கு நாற்பத்தேழு வயது. கிடங்கில் பெட்டி தூக்கும் வேலை கிடைத்தது. முழங்கால் ஒத்துழைக்கவில்லை. சனிக்கிழமைக் காலைகளில் மெடிக்கல் கோடிங் வகுப்பில் சேர்ந்தேன். டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய எண்ணைப் போட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்புகிற வேலை அது. கோழி கொத்தினால்கூட அதற்கென்று ஓர் எண் உண்டு. நாமக்கல் பக்கத்துக்காரனான எனக்கு அது ஒன்று மட்டும் படிக்காமலே நினைவில் நின்றது. கடைசித் தேர்வில் தேறினால் ஒரு மருத்துவமனை அலுவலகத்தில் பயிற்சி வேலை. இரண்டு முறைதான் எழுதலாம். தேறாவிட்டால் மறுபடியும் பெட்டிதான்.

முதல் முறை தோற்றேன். முப்பத்தொரு வயதுப் பெண்ணின் குறிப்பு ஒன்று வந்தது. மருந்துப் பட்டியலில் மெட்ஃபார்மின் இருந்தது. யோசிக்கவே இல்லை, சர்க்கரை நோய்க்கான எண்ணைப் போட்டுவிட்டேன். ஆசிரியை டோனா தாளைக் காட்டி, "சர்க்கரை என்று டாக்டர் எங்கே எழுதியிருக்கிறார்?" என்று கேட்டார். தலைகுனிந்து நின்றேன். நம் ஊரில் அது தப்பை ஒப்புக்கொள்வது. அவரோ எனக்குப் புரியவில்லை என்று நினைத்து, அதையே இன்னும் மெதுவாக, இன்னும் சத்தமாகக் கேட்டார். வகுப்பே திரும்பிப் பார்த்தது. எழுதாததை ஊகிக்கக் கூடாது, சந்தேகம் வந்தால் டாக்டருக்குக் கேள்வி எழுதி அனுப்ப வேண்டும் என்றார். இல்லாத நோயைச் சேர்த்தால், மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் தோல்விதானாம்.

வீட்டில் சொன்னேன். கலாமணி சிரித்துவிட்டாள்.

"ஏனுங்க, இருவது வருசம் மாத்தர குடுத்தவரு, மாத்தரையில போயி பெயிலா?"

"டாக்டர்கிட்டக் கேக்கோணுமாம்."

"ஆரு, நீங்களா? பஸ்ஸ நிறுத்துங்கன்னு கண்டக்டர்கிட்டக் கேக்கக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்புல எறங்கி நடந்து வந்த மனுசருதானுங்களே?"

அவளோடு சேர்ந்து சிரிக்க என்னால் முடியவில்லை. அதே மெட்ஃபார்மின் எழுதிய ஒரு சீட்டு எனக்கு நினைவுக்கு வந்திருந்தது. ரயில்வே ஊழியர் ஒருவரின் மகள், இருபத்திரண்டு வயது இருக்கும், சூரமங்கலம் கடையில் நீட்டிய சீட்டு. "சக்கரைக்குச் சாப்புட்டதும் போடோணும் சாமி" என்று அக்கறையாகத்தான் சொன்னேன். பக்கத்தில் நான்கு பேர் நின்றிருந்தார்கள். பத்து நாள் கழித்து அவளுடைய அம்மா வந்தார். பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டார், பெண்ணுக்குச் சர்க்கரையாமே என்று விலகிவிட்டார்களாம். "எம்புள்ளைக்குச் சக்கரைன்னு உங்களுக்கு ஆருங்க சொன்னது? நீர்க்கட்டிக்குக் குடுத்த மாத்தரைங்க அது" என்றார். குரலை உயர்த்தவில்லை. சீட்டு எழுதிய டாக்டர் இரண்டு கடை தள்ளித்தான் இருந்தார். ஒருநாளும் அவரிடம் போய் நான் எதுவும் கேட்டதில்லை. அந்தப் பெண் அதன் பிறகு எங்கள் கடைக்கு வரவே இல்லை.

அடுத்த ஆறு வாரம் டாக்டருக்குக் கேள்வி எழுதத்தான் பழகினேன். "இவருக்குச் சர்க்கரைதானே?" என்று முதலில் எழுதினேன். டோனா அதைக் கோடிட்டு அடித்தார். பதிலை டாக்டரின் வாயில் நாமே வைக்கக் கூடாதாம். "சர்க்கரையா, வேறு நோயா?" என்று மாற்றினேன். அதையும் அடித்தார்; குறிப்பில் இல்லாத நோயின் பெயரை நாம் எடுத்துக்கொடுக்கவே கூடாதாம். கிடங்கில் பெட்டி தூக்கும்போதும் வாய்க்குள் கேள்வியைத் திருத்திக்கொண்டிருந்தேன். இரண்டாவது தேர்வில் வேறொரு நோயாளி, வேறொரு மாத்திரை. அது என்ன நோய்க்கு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எண்ணைப் போடாமல் எழுதினேன்: "இந்த மாத்திரை எதற்காகத் தரப்படுகிறது என்று தயவுசெய்து குறிப்பிடவும்." தேறிவிட்டேன். வரும் திங்கட்கிழமை மருத்துவமனை அலுவலகத்தில் சேர்கிறேன்.

நேற்று கலாமணிக்கு மாத்திரை வாங்கப் போனேன். என்ன மாத்திரை என்று எழுத மாட்டேன். எனக்கு முன்னால் ஓர் இளம்பெண். கடைக்காரர் ஒரு மாத்திரையை எடுத்து அவளுக்குக் காட்டினார். வெள்ளை, நீள்வட்டம். அவ்வளவு தள்ளியிருந்தும் அது என்னவென்று தெரிந்துவிட்டது. முகத்தைப் பக்கத்து அலமாரிப் பக்கம் திருப்பிக்கொண்டேன். கால்கள் இரண்டும் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் ஒழுங்காகத்தான் நின்றன. முழங்கைகள்தான், ஊன்றிக்கொள்ள ஒரு கண்ணாடிப் பெட்டியைத் தேடின.