எட்டுவிரல் கடைக்கு ஆட்டோ வந்த நாள்

ஆரோக்கியராஜுக்கு இடது கையில் மூன்று விரல்கள்தான். சுண்டுவிரலையும் மோதிர விரலையும் கட்டிங் மெஷின் கொண்டுபோனபோது அவனுக்கு இருபத்து மூன்று வயது. சிவகங்கைப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்கு வந்து நாலாவது வருஷம். அடுக்கிவைத்த துணியோடு சேர்த்துக் கத்தி விரல்களையும் அறுத்தது. ஓடிவந்த சூப்பர்வைசர் முதலில் கத்தியது, "டேய், பீஸ் பூரா ரத்தமாப் போச்சேடா!" என்றுதான். அந்தச் சத்தம் காதிலிருந்து போகவே இல்லை. கை ஆறியதும் அவன் கம்பெனிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, பி.என். ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் பிரவுசிங் சென்டர் வைத்தான். மனு, பயோடேட்டா, கல்யாணப் பத்திரிகை எல்லாம் தமிழில் அடித்துக் கொடுப்பான்.

கடையில் கூட்டமில்லாத நேரத்தில் அவன் குடியிருந்தது 'அக்கப்போர்' என்ற இணைய மன்றத்தில். ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை; புனைபெயர்தான். இவன் பெயர் எட்டுவிரல். ஏதோ விளையாட்டுக்கு வைத்த பெயர் என்றே எல்லாரும் நினைத்தார்கள். எழுத்துப்பிழை கண்டால் இவனுக்கு ஆகாது. ரகர றகரத்தை மாற்றிப் போட்டவனை மன்றம் முழுக்க விரட்டுவான். இவனுக்குச் சரிக்குச் சரி நின்றவர் குண்டூசி என்ற ஆள்.

"எட்டுவிரலு, ரொம்பத் துள்ளாதீங்க. ஆட்டோ அனுப்பீருவேன்" என்று எழுதுவார் குண்டூசி. ஆட்டோவில் அடியாள் வருவான் என்று அர்த்தம். அந்த நாளில் இணையத்தில் தமிழ் எழுதிய எல்லாருக்கும் பழகிப்போன கேலி அது.

"அனுப்பும். வருகிறவனுக்கு 'அரிவாள்' என்று பிழையில்லாமல் எழுதத் தெரிகிறதா என்று பார்த்து அனுப்பும்" என்பான் இவன்.

நடுவில் வேப்பெண்ணெய் என்று ஒருவர் வந்து, "ரெண்டு பேரும் வெட்டிக்கிட்டுச் சாவுங்கப்பா, நான் பிரியாணி போடுறேன்" என்பார். ஒருமுறை யாரோ ஒருவரின் குழந்தைக்கு ரத்தம் வேண்டுமென்று கேட்டபோது மட்டும் எல்லாரும் கேலியை விட்டு, ஊர், விலாசம், போன் நம்பர் எல்லாம் வரிசையாகப் போட்டார்கள். வேலை முடிந்ததும் மறுபடி வெட்டு குத்துதான்.

2007 மார்ச்சில் வேல்விழி என்ற பெண் கடைக்கு வந்தாள். சாத்தூர்ப் பக்கம், பத்தொன்பது வயது. கம்பெனிகளுக்குப் பெண்களைக் கூட்டிவந்து விடுதியில் வைத்திருக்கும் காண்ட்ராக்டர் மாரப்பனிடம் வேலை பார்த்தவள். அம்மா செத்த சேதி வந்து, ஊருக்குப் போக வேண்டும் என்று அழுததற்கு மாரப்பன் தண்ணீர் ஹோஸை மடித்து அடித்திருந்தான். கழுத்துக்குக் கீழே தோல் கிழிந்து காய்ந்திருந்தது. விடுதிச் சுவர் ஏறிக் குதித்து, தெரிந்த அக்கா வீட்டில் ஒளிந்திருந்தாள்.

"எழுதுங்கண்ணே. நான் சொல்றத அப்படியே எழுதுங்க. உள்ள இன்னும் பதினோரு பிள்ளைக இருக்குக" என்றாள்.

அவன் எழுதினான். அன்றைக்கே அந்த மனு கலெக்டர் ஆபீஸுக்கும் போலீசுக்கும் போனது. அதை அடித்துக் கொடுத்தது யார் என்கிற விவரம் நாலே நாளில் மாரப்பனுக்கும் போய்ச் சேர்ந்தது.

ஐந்தாம் நாள் காலை பதினொரு மணி. வேல்விழி மனுவின் நகல் வாங்க வந்திருந்தாள். சந்து முனையில் ஆட்டோ நின்ற சத்தம் கேட்டு அவன் எட்டிப் பார்த்தான். நாலு பேர் இறங்கினார்கள். ஒருவன் கையில் கோணிச் சாக்கில் சுற்றிய அருவாள். முன்னால் நடந்தவன் மாரப்பன். உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்கள். ஷட்டரை இறக்க நேரமில்லை. ஆரோக்கியராஜ் வேல்விழியைப் பின்னறைக்குள் தள்ளி, தானும் புகுந்து பிளைவுட் கதவைத் தாழிட்டான். செல்போன் முன்மேசையில் சார்ஜில் கிடந்தது.

வெளியே மானிட்டர்கள் ஒவ்வொன்றாக உடைந்தன. பின்னறையில் அவனுடைய கம்ப்யூட்டர் திறந்திருந்தது, திரையில் அக்கப்போர். வேறு வழி தெரியாமல் அவசரமாக அடித்தான்: "ஆட்டோ வந்துவிட்டது. கடையில் மாட்டிக்கொண்டேன். கதவை உடைக்கிரார்கள்."

உடனே பதில் வந்தது. ஒருவர் சிரிப்புப் பொம்மை போட்டார். "டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுங்க" என்றார் இன்னொருவர். "அய்யய்யோ, எட்டுவிரலுக்கே எழுத்துப்பிழையா!" என்று மூன்றாமவர். அதற்கு மேல் அவன் படிக்கவில்லை. கதவின் நடுவில் அருவாள் இறங்கி, பிளைவுட் பிளந்தது.

மூலையில் ஷட்டர் இழுக்கிற கொக்கிக் கம்பி சாத்தியிருந்தது. பிளவு வழியாக ஒரு தலை உள்ளே நுழைந்தது. யார், என்ன என்று அவன் பார்க்கவில்லை. பலங்கொண்ட மட்டும் குத்தினான். கொக்கி எதிலோ மாட்டி இழுபட்டது. அந்த ஆள் போட்ட அலறலில் வேல்விழி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

பிறகு கதவு மொத்தமாகப் பெயர்ந்தது. அவனைத் தலைமுடியைப் பிடித்து முன்னறைக்கு இழுத்தார்கள். கீழே உடைந்த கண்ணாடி. மாரப்பன் இரும்புக் குழாயால் வலது முழங்கையில் அடித்தான். எலும்பு முறிந்ததை ஆரோக்கியராஜ் வலியாக உணர்வதற்கு முன்பே சத்தமாகக் கேட்டான்.

"எந்தக் கைடா மனு எழுதுச்சு? இந்தக் கையா? இன்னொரு தடவ எழுதுடா பாப்போம்!"

மறுபடி அதே இடத்தில் அடி. வெட்டு ஒன்று கழுத்துக்கு வந்து, அவன் புரண்டதில் காதோடு போனது. தன் மேல் பாய்ந்தவனின் கையை வேல்விழி கடித்த கடியில் சதை பிய்ந்தது. அவன் அவளைச் சுவரில் அடித்தான். அவள் சரிந்து விழுந்தும் வாயை மூடவில்லை. தெருவே கேட்கக் கத்தினாள்.

இதற்கிடையில் மூலனூர் முருங்கைக்காய் மண்டியில் உட்கார்ந்து அந்தப் பதிவைப் பார்த்த ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. குண்டூசி என்கிற குமாரசாமி. எட்டுவிரல் எழுத்தில் ரகரம் பிசகாது. பிசகினால் கை அவன் வசத்தில் இல்லை என்று அர்த்தம். ரத்தம் கேட்ட பழைய பதிவுத் தொடரைத் தேடி, அவனுடைய நம்பரை எடுத்துக் கூப்பிட்டார். எடுத்தவன் வேறு யாரோ. "அவன் செத்துட்டான், போனை வைய்யி" என்றது குரல். பின்னால் ஒரு பெண் அலறினாள். அவனைத் தவிர அதே பட்டியலில் திருப்பூர் என்று போட்டிருந்தது வேப்பெண்ணெய் ஒருவர்தான். உடனே அவரைக் கூப்பிட்டார்.

காதர்பேட்டையில் பனியன் மொத்த வியாபாரம் செய்கிற ஷாபாஸ், நாலு லோடுமேன்களோடு இரண்டு பைக்கில் வந்து இறங்கியபோது ஆரோக்கியராஜுக்குப் பாதி நினைவுதான். லோடுமேன்கள் நேரே உள்ளே பாய்ந்தார்கள். முதலில் அருவாள்காரனின் மணிக்கட்டு முறிந்தது. மாரப்பனைச் சட்டையோடு தூக்கி வாசலில் போட்டார்கள். அதுவரை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த சந்து, இப்போது இறங்கிவந்து மிதித்தது. ஆட்டோவைக் கவிழ்த்தது. மாரப்பன் வாயிலிருந்து பற்கள் உதிர்ந்தும் யாரும் நிறுத்தவில்லை. "போதும், விடுங்கப்பா! செத்துறப் போறான்!" என்று ஷாபாஸ்தான் குறுக்கே விழுந்து தடுத்தார்.

துண்டால் காதை அழுத்திப் பிடித்தவரிடம் ஆரோக்கியராஜ் கேட்டான்: "நீங்க யாருண்ணே?"

அவர் கொஞ்சம் கூச்சத்தோடு, "வேப்பெண்ணெய்" என்றார்.

ஆஸ்பத்திரியில் முழங்கைக்குத் தகடு வைத்தார்கள். காதில் பதினாலு தையல். மறுநாள் பஸ் பிடித்து வந்தார் குமாரசாமி. ஒல்லியான, துடுக்கான இளைஞனை எதிர்பார்த்திருந்த ஆரோக்கியராஜ் முன்னால், ஐம்பது வயதில், கட்டிலை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய உடம்பு நின்றது. அவர் இவனுடைய இடது கையையே பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, நெசமாலுமே எட்டுத்தானுங்களா? நான் எத்தன தடவ அத வெச்சுக் கேலி பேசியிருப்பேன்!" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெரிய உடம்பு குலுங்க அழுதார்.

விடுதியை அதிகாரிகள் திறந்து அந்தப் பதினோரு பெண்களையும் ஊருக்கு அனுப்பியதாக அவர்தான் சொன்னார். வேல்விழிக்குத் தலையில் தையல், மற்றபடி பயமில்லை என்றார். கம்பியால் குத்துப்பட்ட பையனின் பெயர் தவசி, இருபத்தொரு வயது, இதே ஆஸ்பத்திரியில் போலீஸ் காவலில் கிடக்கிறான் என்றும் சொன்னார். ஒரு கண் போய்விட்டது.

மூன்று வாரம் கழித்து, இடது கையால் மட்டும் தட்டி ஆரோக்கியராஜ் மன்றத்துக்குள் போனான். அவன் பெயரில் திருவிழாவே நடந்திருந்தது. 'ஒற்றைக்கண் படலம்' என்று யாரோ பாட்டுக் கட்டியிருந்தார். 'அடுத்த ஆட்டோ வரட்டும், இன்னொரு கண் பாக்கி' என்று அதற்குக் கீழே. எழுந்துபோய் வாந்தியெடுத்துவிட்டு வந்து எழுதினான்: "கொக்கியை வெளியே இழுத்தபோது என்ன வந்தது என்று எனக்குத்தான் தெரியும். இதைப் பாட வேண்டாம்." அன்றிரவுக்குள் பாட்டு நீக்கப்பட்டிருந்தது. நீக்கியவர் யாரென்று அவன் கேட்கவில்லை.

வழக்கு 2009இல் விசாரணைக்கு வந்தது. அரசு வக்கீல் முன்கூட்டியே சொல்லிவைத்தார்: "அந்தப் பையன் கண்ணாடி மேல விழுந்துட்டான்னு சொல்லிருங்க. சிக்கல் இருக்காது."

கூண்டில் ஏறியதும் எதிர்த்தரப்பு கேட்டது. கண் எப்படிப் போனது?

"நான்தான்யா குத்துனேன்" என்றான் ஆரோக்கியராஜ். "கதவ உடைச்சுட்டு வந்தாக. கம்பி இருந்துச்சு, குத்துனேன். இல்லாட்டி இந்தப் பிள்ள இன்னைக்கு இல்ல" என்று, சாட்சி சொல்ல வந்திருந்த வேல்விழியைக் காட்டினான்.

தற்காப்பு என்று நீதிபதி எடுத்துக்கொண்டார். மாரப்பனுக்கு ஐந்து வருஷம், மற்றவர்களுக்கு இரண்டிரண்டு. தீர்ப்பன்று தாழ்வாரத்தில் போலீஸ்காரர் பக்கத்தில் நின்ற தவசி இவனைக் கூப்பிட்டான். அவனுடைய ஒரு இமை ஒட்டிப்போயிருந்தது. பேச்சில் இவனுடைய ஊர்வாடை.

"அந்தப் பிள்ளைய நீங்க கடத்தி வச்சிருக்கீகன்னு சொல்லித்தாண்ணே கூட்டியாந்தான். ஆளு தெரியாம வந்துட்டேன்."

"நானும் ஆளப் பாக்காமத்தான்டா குத்துனேன்" என்றான் ஆரோக்கியராஜ். மன்னிப்புக் கேட்கத்தான் போனான். வாய் வரவில்லை. போலீஸ்காரர் தவசியின் தோளைத் தட்டி நடத்திக்கொண்டு போனார். படியிறங்கும்போது கண் தெரியாத பக்கத்தில் அவன் கை சுவரைத் தேடித் தேடித் தொட்டது.

வெளியே வேப்பமரத்தடியில் ஷாபாஸும் குமாரசாமியும் ஏதோ ஒரு வார்த்தைக்காகச் சத்தம்போட்டுச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். இவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார்கள். குமாரசாமி நகர்ந்து இடம் விட, அவன் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, நிமிராத வலது கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். அவிநாசியில் தறிக்கூடத்து வேலைக்குத் திரும்ப வேண்டிய வேல்விழி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வந்து சொல்லும்வரை மூன்று பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.