திரையில் ஊர்ந்த எண்

ஆன்லைன் வகுப்பில் பாடம் ஓடும்போது, அதை வாங்கியவரின் செல் நம்பர் திரையில் சாம்பல் நிறத்தில் ஊர்ந்துகொண்டே இருக்கும். யாரிடமிருந்து திருட்டுப் போனது என்று தெரிய வேண்டுமே, அதற்குத்தான். நான் பார்த்த பாடங்களில் ஊர்ந்தது என் தோழியின் எண். இப்போதும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் அதைத் தப்பில்லாமல் சொல்வேன்.

நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருவரும் தைத்த துணியில் பழுது பார்க்கும் ஒரே செக்கிங் டேபிளில் நின்றோம். அவள் குடும்பம் தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்தது. தீபாவளி போனஸை அப்படியே போட்டு வங்கித் தேர்வு வகுப்பை வாங்கினாள். நானும் அதே தேர்வை எழுத இருந்தேன், ஆனால் என் போனஸ் வீட்டுக் கூரைக்குப் போய்விட்டது. வகுப்பு அவள் போனில் மட்டும்தான் திறக்கும், திரையைப் பதிவு செய்யவும் விடாது. அதனால் ஞாயிறு மதியங்களில் அவள் வீட்டில் அவள் போனைச் சுவரில் சாய்த்து வைத்து, எதிரே என் போனைப் பிடித்து எடுத்தேன். பக்கத்து வீட்டு ஓவர்லாக் தையல் மெஷின் சத்தமும் சேர்ந்தே பதிவானது.

"நீ மட்டும் பாரு பிள்ள. வேற யாருக்கும் குடுத்துராத," என்றாள்.

மங்கலத்தில் இருக்கும் என் சித்தி மகள் கேட்டாள். நம்ம புள்ளைதானே என்று அனுப்பினேன். அவள் யாருக்கு அனுப்பினாளோ, ஒரே மாதத்தில் எல்லாம் ஒரு டெலிகிராம் குழுவில் கிடந்தது.

தேர்வுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது, பாடங்கள் வெளியே போய்விட்டதாகச் சொல்லி என் தோழியின் வகுப்புக் கணக்கை முடக்கிவிட்டார்கள். அந்தத் தேர்வுக்காக அவள் வேலையை விட்டிருந்தாள். ஒரே ஒரு தடவைதான், தேறாவிட்டால் மறுபடி செக்கிங்தான் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார்.

"நீ யாருக்கும் குடுத்தியா?"

"இல்ல புள்ள."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அவள் நம்பினாள். போனை ரிப்பேருக்குக் கொடுத்தபோது கடைக்காரன்தான் எடுத்திருப்பான் என்று அவளே சொன்னாள். மடியில் கனம் இருந்தால் பயம்தானே, வீட்டுக்குப் போனதும் என் போனில் இருந்த வீடியோக்களையெல்லாம் அழித்தேன்.

மறுநாளே வந்தாள். "ஒங்கிட்ட எல்லாம் இருக்குல்லா? எனக்குக் குடு. கணக்கு நாலு தடவ பாத்தாத்தான் எனக்கு ஏறும்."

"போன்ல எடமில்லீன்னு அழிச்சுப் போட்டனே," என்றேன்.

நானும் சேர்ந்திருந்த அந்த டெலிகிராம் குழு அப்போதும் என் போனில் இருந்தது. இணைப்பை அனுப்பியிருக்கலாம். திறந்த உடனே அந்த ஓவர்லாக் சத்தம் கேட்கும், தன் வீட்டில் எடுத்தது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அனுப்பவில்லை. தேர்வு வரைக்கும் நான் அதில்தான் படித்தேன், அவள் எண் ஊர்வதைப் பார்த்துக்கொண்டே. வெட்கமாக இருந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை.

நான் தேறினேன். அவள் கணக்குப் பாடத்தில் தோற்றுவிட்டாள். முடிவு வந்த அன்று ஜிலேபி வாங்கிக்கொண்டு வந்தாள்.

"வீடியோ இல்லாமத்தான நீயும் படிச்ச. எனக்குத்தான் மூள இல்ல பிள்ள," என்றாள், சிரித்துக்கொண்டே.

நான் ஜிலேபியை வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் எந்தத் தேர்வுக்கும் விண்ணப்பிக்கவில்லை.