பின்னால் ஏற்றிய பாரம்

முதலாளி புதிதாக வாங்கிய சின்ன காரில், பரளச்சியிலிருந்து பிரசவ வலியோடு ஒரு பெண்ணை அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனேன். அதற்கு முன் பன்னிரண்டு வருடம் நான் ஓட்டியது அம்பாசிடர்.

மழையில் ஊறிய கரிசல் பாதை காரைப் பிடித்துக்கொண்டது. அம்பாசிடர் சிக்கினால் டிக்கிமேல் ஆள் ஏற்றுவோம். பின்சக்கரம் மண்ணைக் கவ்வி வண்டியைத் தள்ளும். அதே பழக்கத்தில் அவள் புருசனையும் பக்கத்துக் காட்டில் வேலையாக நின்ற இரண்டு பேரையும் பின்னால் டிக்கிமேல் ஏற்றி ஆக்சிலேட்டரை மிதித்தேன். கார் இன்னும் புதைந்தது. மறுபடி மிதித்தேன். சேறு கதவை அடைத்துக்கொண்டது. எனக்கே இறங்க வழியில்லை. பின்சீட்டில் அவள் முனகினாள்.

“நல்லா அழுத்தி உக்காருங்கப்பா!” என்று வெளியே இருந்தவர்கள்மேல் எரிந்து விழுந்தேன்.

“அண்ணே, முன்சக்கரத்துலருந்துல்ல சேறு தெறிக்குது? அவுகளை எதுக்குப் பின்னால உக்கார வச்சிருக்கீக?” என்றாள் அவள், பல்லைக் கடித்தபடி.

சுருக்கென்றது. இந்தக் காரை முன்சக்கரம்தான் இழுக்கும் என்று முதலாளி சொன்னதை நான் காதிலேயே வாங்கவில்லை. மூவரையும் முன்னால் பானெட்டில் ஏறச் சொன்னேன். கார் மெல்ல ஊர்ந்து ரோட்டைப் பிடித்தது.

ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்ததும் அவள் புருசன் என் கையைப் பிடித்துக்கொண்டான். “நல்லவேளைண்ணே, வெவரமா முன்னால ஏறச் சொன்னீக.”

காருக்குள் அவள் சொன்னது அவனுக்குக் கேட்டிருக்கவில்லை. நானும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.