இரத்தினவேலின் முறிகண்டி

இரத்தினவேல் அண்ணையை எனக்குப் பிடிக்காது. இதை மறைத்துக்கொண்டு அவரைப் பற்றி எழுத என்னால் முடியாது. கனடாவில், ஸ்காபரோவில் ஒரு சின்ன ட்ரக் கம்பனியில் சாரதிகளுக்கு லோட் பிரித்துக் கொடுப்பது என் வேலை. அவர் அங்கே மூத்த சாரதி. என் கணவர் சுலக்சனும் அங்கேதான் ட்ரக் ஓடினார்.

அமெரிக்காவின் மேற்கே, பாலைவன மலைகளுக்குள் இருக்கும் ஒரு சுரங்க ஊருக்கு எங்கள் கம்பனி இயந்திரப் பாகங்கள் அனுப்பும். அங்கே போக ஒரேயொரு ஒடுங்கிய மலைவீதிதான். இரத்தினவேல் வாயைத் திறந்தால் அந்த வீதிப் புராணம்தான். பிறந்தநாள் வீடோ செத்தவீடோ, பிளேன்டீ கைக்கு வந்ததும் தொடங்கிவிடுவார். முதலில் கோவேறு கழுதைகள் வெள்ளித் தாது சுமந்த தடமாம். பிறகு ரயில் பாதை போட வந்தவர்கள் பாதி மலையில் கைவிட்டுப் போனார்களாம். வெள்ளி முடிந்து ஊர்கள் வெறிச்சோடிய பிறகுதான் அரசாங்கம் தார் போட்டதாம். உப்புப் படிந்த வற்றிய ஏரியைக் கடந்து, வளைந்து வளைந்து ஏறிக் கணவாயைத் தாண்டினால் ஓர் இறக்கம். கொஞ்சம் சமதரை. பிறகு அடிவாரம் வரைக்கும் ஒரே இறக்கம். அந்தச் சமதரையில், ட்ரக்கை ஓரங்கட்டி பிரேக்கை ஆறவிட ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். தானே வெட்டித் திறந்த வீதி மாதிரிக் கதைப்பார். புதுச் சாரதிப் பெடியள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த ஓரத்தில்தான் அவர் தன் கூத்தைத் தொடங்கினார். தும்பிக்கை மாதிரி வளைந்த ஒரு கல்லைக் கண்டு, நிமிர்த்தி வைத்து, சந்தனம் பூசி, பிள்ளையார் என்றார். ஊரில், யாழ்ப்பாணத்துக்கும் கண்டிக்கும் இடையில் கண்டி வீதியால் போகிற வாகனம் எதுவும் முறிகண்டிப் பிள்ளையாரிடம் நிற்காமல் போகாது. இறங்கி ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் போகும். "இது எங்கடை முறிகண்டி. நிக்காமல் போறவன் வீடு வந்து சேரான்" என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தார். எங்கள் சாரதிகள் தேங்காயும் கற்பூரமும் இல்லாமல் அந்தப் பக்கம் போவதில்லை என்றாகிவிட்டது. சுலக்சனும்தான்.

"அண்ணை, உது காய்ஞ்ச செடி பத்தை இடம். கற்பூரம் கொளுத்தாதேங்கோ" என்று ஒருநாள் சொன்னேன்.

"நிலாணி, நீர் உதைக் கொம்பியூட்டரிலை பாக்கிறனீர். நான் ஓடுறனான்" என்றார்.

ஆவணி மாதக் காற்று அவர் கொளுத்திய கற்பூரத்தைப் பத்தைக்குள் தூக்கிக்கொண்டு போனது. ஒரு மலைச்சரிவு முழுக்கக் கருகியது. அவர் ட்ரக்கை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். யார் கொளுத்தியது என்று அங்கே எவருக்கும் தெரியாது, எங்கள் எல்லோருக்கும் தெரியும். கருகிய தேங்காய்ச் சிரட்டைகளைக் கண்ட வீதி அதிகாரிகள் கல்லைத் தூக்கி எறிந்து, அந்த ஓரத்தைக் கொங்கிரீட் கட்டைகளால் அடைத்து, நிற்கத் தடை என்று பலகை நட்டார்கள். திறந்துவிடச் சொல்லிக் கேளுங்கோ என்று முதலாளியிடம் கெஞ்சினேன். கேட்டால் நெருப்பு வைத்தவன் யார் என்ற கேள்வி வரும் என்று அவர் பேசாமல் இருந்துவிட்டார். இரத்தினவேல் முதுகு நோ என்று லீவு போட்டுவிட்டு ஸ்காபரோவிலேயே வெக்ஸ்போர்ட் பக்கத்துத் தன் வீட்டோடு இருந்தார்.

அடுத்த லோட் சுலக்சனுக்கு. முதல் இறக்கத்திலேயே பிரேக் சுட்டுப் புகைந்திருக்கிறது. ஆறவிட இடமில்லை. வீதியில் நின்றால் பின்னால் வருகிறவன் இடிப்பான் என்று இறங்கியிருக்கிறார். இரண்டாம் இறக்கத்தில் பிரேக் பிடிக்கவே இல்லை. பிரேக் விட்ட வாகனங்களுக்கென்று சரளைக்கல் கொட்டிய ஏற்றம் ஒன்று கீழே இருந்ததால் உயிர் மிஞ்சியது. இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் இருந்த எங்கள் அப்பார்ட்மென்டுக்கு இரத்தினவேல் கோயில் விபூதியோடு வந்தார். கதிரையில் இருந்து, கட்டுப்போட்ட காலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"பிள்ளையாருக்கு நிக்காமல் போயிட்டான். அதுதான்."

சுலக்சன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த மனுசனைக் கழுத்தில் பிடித்து வெளியே தள்ள வேண்டும்போல இருந்தது எனக்கு.

"நிக்கிறதுக்கு எங்கை அண்ணை இடம் விட்டனீங்கள்?" என்றேன்.

விபூதியை மேசையில் வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

முதுகு நோ மாறி அவர் வேலைக்குத் திரும்பியபோது, முறைப்படி மலைவீதி லோட் அவருக்குத்தான். லோட் தாளை வாங்கிப் பார்த்தவர் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. கழுதைக் கதையும் ரயில் கதையும் அன்று அவர் வாயில் வரவில்லை. தாளை என் மேசையில் திருப்பி வைத்தார்.

"தங்கச்சி, வேறை லோட் ஒண்டும் இல்லையோ?" என்று மெல்லக் கேட்டார்.

மொன்றியல் லோட் ஒன்று இன்னும் ஒருவருக்கும் கொடுக்காமல் என் திரையில் சும்மா கிடந்தது.

"இல்லை அண்ணை" என்றேன்.